ஃபிட்டிங்கில் ஈரம்: வாட்டர் கூலிங் கணினியில் கசிவைக் கண்டுபிடிப்பதும் சரியான கனெக்டரைத் தேர்ந்தெடுப்பதும்

கணினிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்ததும் கை தானாகவே ஃபிட்டிங்கை, அதாவது ட்யூபை இணைக்கும் கனெக்டரை, பிடித்து இறுக்கப் போகும். அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்பவர்கள், ஓசூரில் வரைபட வேலை பார்ப்பவர்கள், கேம் விளையாடும் கல்லூரிப் பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் கேள்வி ஒரே மாதிரிதான் தொடங்குகிறது: "அண்ணா, நல்லா இறுக்கித்தானே வெச்சேன், அப்புறம் எப்படி ஒழுகுது?"

இறுக்கம் போதாமல் ஒழுகும் கனெக்டர் மிகக் குறைவு. பொருத்தம் இல்லாமல் ஒழுகுவதுதான் அதிகம். பம்ப், சிப்பின் மேல் உட்கார்ந்து வெப்பத்தை வாங்கும் பிளாக், அதை வெளியே விடும் ரேடியேட்டர், இவற்றை இணைக்கும் ட்யூப் எல்லாம் சேர்ந்த சுற்றுதான் லூப். அதில் ஓடும் தண்ணீரின் அழுத்தம் ஒன்றும் பெரியதல்ல. பலரும் போடும் டி5 வகைப் பம்ப் தண்ணீரைத் தூக்கும் உயரம் அதிகபட்சம் சுமார் 4 மீட்டர், அதாவது 0.4 பார். இரண்டு மாடி வீட்டின் மேல்தொட்டியிலிருந்து கீழ்த்தளக் குழாய்க்கு வரும் அழுத்தம் இதைவிட அதிகம். இவ்வளவு சிறிய அழுத்தத்தைத் தடுக்க ஸ்பேனர் பலம் தேவையே இல்லை. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சமமாக அமர்ந்து, ட்யூபும் ஃபிட்டிங்கும் ஒரே அளவில் இருந்தால் போதும். ஆகவே எந்த இடத்தில் ஈரம் என்பதை முதலில் பாருங்கள். என்ன பொருந்தவில்லை, எந்தக் கனெக்டரை மாற்ற வேண்டும் என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

ஈரம் தெரிந்தவுடன்

ஷட் டவுன் மட்டும் போதாது. பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சை அணைத்து, கேபிளையும் கழற்றுங்கள். யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். யூபிஎஸ் அதைக் கரண்ட் கட் என்று நினைத்து பேட்டரியிலிருந்து மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மதர்போர்டில் தண்ணீர் பட்டிருந்தால் அதிலுள்ள காசு வடிவ பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஹீட் கன் வேண்டாம்.

"டிஸ்டில்டு வாட்டர்தானே, கரண்ட் கடத்தாதே" என்று அப்படியே ஓட்டுவது ஆபத்து. சுத்தமான டிஸ்டில்டு வாட்டர் கடத்துவது மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் சில வாரம் லூப்பில் சுற்றிய தண்ணீரில் உலோகத்தின் துணுக்கு, ரேடியேட்டரின் உள் அழுக்கு எல்லாம் கரைந்திருக்கும். போர்டின் மேல் படிந்த தூசியும் சேர்ந்தால் அது தாராளமாகக் கடத்தும்.

இன்னொன்று: "ஏசி குழாய் மாதிரி வியர்த்திருக்கும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். சாதாரண வாட்டர் கூலிங்கில் உள்ளே ஓடும் திரவம் அறையின் வெப்பத்தைவிடக் குளிர்வதே கிடையாது. தனியாகக் குளிரூட்டும் சில்லர் வைத்திருந்தால் ஒழிய, ட்யூபில் வியர்வை வராது. ஈரம் இருந்தால் அது கசிவுதான்.

சொட்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை

சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. தண்ணீர் ட்யூபின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து, வளைவின் தாழ்ந்த இடத்தில் போய்த்தான் விழும். கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் ஈரம் இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும் பிராசஸர் பிளாக்கிலோ ரேடியேட்டரிலோ இருப்பான்.

எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்த பிறகு, ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும், ட்யூபைச் சுற்றி இறுக்கும் காலரின் மேலும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைத் தனித்தனியாகச் சுற்றுங்கள். பிறகு பம்ப்பை மட்டும் ஓட்டுங்கள். மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க் எதற்கும் மின்சாரம் போகக்கூடாது. அவற்றின் கேபிள்களைக் கழற்றிவிட்டு, பவர் சப்ளையின் 24-பின் முனையில் ஜம்பர் பிளக் ஒன்றைச் செருகினால் பம்ப் மட்டும் ஓடும். பச்சை வயரையும் ஏதாவதொரு கறுப்பு வயரையும் இணைக்கும் வேலையைத்தான் அந்தப் பிளக் செய்கிறது. கேபிள் முழுக்கக் கறுப்பாக வரும் மாடல்களில் எது பச்சை என்று கம்பியால் துழாவாமல், பிளக்கையே வாங்கிப் போடுவது நல்லது.

பயன்படாத போர்ட்டுகளை (ஃபிட்டிங் திருகும் துளைகளை) மூடியிருக்கும் ஸ்டாப் பிளக்குகளிலும் டிஷ்யூ வையுங்கள். ட்யூப் வராத இடம் என்பதால் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை. அதுவும் ஓ-ரிங்கை நம்பி நிற்கும் ஒரு ஃபிட்டிங்தான்.

ஃபிட்டிங் போர்ட்டில் உட்காரும் இடத்தில் ஈரம்

கணினி வாட்டர் கூலிங்கில் ஏறக்குறைய எல்லா பிளாக், ரேடியேட்டர், பம்ப்பிலும் இருப்பது ஜி 1/4 மரை. இதன் வெளிவிட்டம் 13.16 மி.மீ., ஓர் அங்குலத்துக்கு 19 மரை. காலிப்பர் வைத்து அளந்து, 13 மி.மீ. வருகிறதே, இது அரை அங்குலமோ என்று குழம்பி, தவறான ஃபிட்டிங்கை வாங்கி வருபவர்கள் உண்டு. பெயரில் உள்ள 1/4 பழைய பைப் அளவு முறையில் வந்தது. அளந்து பார்த்தால் அந்த எண் எங்கேயும் கிடைக்காது.

இது நேர் மரை. மேலிருந்து கீழ் வரை ஒரே விட்டம். நேர் மரை தண்ணீரைத் தடுக்காது, ஃபிட்டிங்கைப் பிடித்து வைக்கும் வேலையை மட்டும்தான் செய்யும். தண்ணீரைத் தடுப்பது ஃபிட்டிங்கின் தோளுக்கும் போர்ட்டின் தட்டையான முகத்துக்கும் நடுவே நசுங்கி நிற்கும் ஓ-ரிங். இதைப் புரிந்துகொண்டால் இந்த இடத்துக் கசிவில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதலில் டெஃப்லான் டேப். பிளம்பர் வேலை பார்த்த பழக்கத்தில் பலரும் மரையில் டேப் சுற்றிவிடுகிறார்கள். ஜி 1/4-க்கு அது தேவையில்லை என்பதோடு, கெடுதலும் கூட. டேப்பின் தடிமன் ஃபிட்டிங்கைக் கடைசி வரை உட்காரவிடாமல் செய்யலாம். பிய்ந்த நூல் போய் பிளாக்கின் நுண்ணிய கால்வாய்களில் அடைக்கும். எடுத்துவிடுங்கள்.

அடுத்தது டேப்பர் மரை. ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள நியூமேட்டிக் கடைகளில் 1/4 அங்குல பித்தளை ஃபிட்டிங் மலிவாகக் கிடைக்கும். அதில் இரண்டு வகை உண்டு. ஓ-ரிங்கோ வாஷரோ போட்ட நேர் மரை ஒன்று. நுனி சிறுத்து அடி பருத்த டேப்பர் மரை இன்னொன்று. அதில் பெரும்பாலும் சீலன்ட் பூச்சு இருக்கும். டேப்பர் மரையை ஜி 1/4 போர்ட்டில் வைத்தால் முதல் சில சுற்று அழகாக ஏறும், அப்புறம் சிக்கிக்கொள்ளும். இறுக்கம் வந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது ஆப்பாக இறங்கிக்கொண்டிருக்கிறது. உலோக ரேடியேட்டராக இருந்தால் மரை கெடும். அக்ரிலிக் பிளாக்காக இருந்தால் மயிரிழை விரிசல் விழும், சில நாள் கழித்துத்தான் ஒழுகும். அமெரிக்க என்பிடி மரையும் இதே கதை. அதில் அங்குலத்துக்கு 18 மரை. கடையில் அடையாளம் காண்பது எளிது: மரையின் நுனியிலும் அடியிலும் காலிப்பர் வையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு இல்லையென்றால் வாங்காதீர்கள்.

நேர் மரை, டேப் இல்லை, ஆனாலும் ஒழுகுகிறது என்றால் ஃபிட்டிங்கைக் கழற்றி ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தட்டையாகி மறுபக்கம் உருண்டையாகவே இருந்தால் ஃபிட்டிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ரேடியேட்டர் போர்ட்டின் முகத்தில் பெயின்ட் திட்டோ பிசிரோ இருக்கலாம். நகத்தால் தடவினால் தெரியும். அல்லது பக்கத்து ஃபிட்டிங்கின் காலர் இதன் மேல் முட்டி இதைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டு பிளாக்கில் இரண்டு போர்ட்டும் நெருக்கமாக இருக்கும். அங்கே தடித்த காலர் வாங்கும் முன் போர்ட்டின் மையத்திலிருந்து அடுத்த மையம் வரை அளந்து, காலரின் வெளிவிட்டம் அதைவிடக் குறைவா என்று பாருங்கள்.

ஓ-ரிங் எங்குமே நசுங்காமல் புதிதாக இருக்கிறதா? அப்படியானால் ஃபிட்டிங்கின் மரை நீளம் போர்ட்டின் ஆழத்தைவிட அதிகம். நுனி உள்ளே தரையில் முட்டி நிற்கிறது, தோள் ஓ-ரிங்கைத் தொடவே இல்லை. இங்கே இறுக்குவது பிளாக்கை உடைப்பதில்தான் முடியும். மரை நீளம் குறைந்த, கணினிக்கென்றே செய்த ஃபிட்டிங்கை வாங்குங்கள்.

ஓ-ரிங்கே வெடித்தோ வெட்டுப்பட்டோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைகளில் பழையதைக் காட்டி அதே விட்டத்தில், அதே தடிமனில் கேளுங்கள். ரப்பர் வகையையும் கேளுங்கள். நைட்ரைல், ஈபிடிஎம் இரண்டுமே தண்ணீருக்கும் கிளைக்கால் கலந்த கூலன்ட்டுக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஈபிடிஎம்-க்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது. வாஸ்லினோ வண்டி கிரீஸோ தடவினால் ஊதிப்போகும். மாட்டும்போது வழவழப்பு வேண்டுமென்றால் ஒரு துளி டிஸ்டில்டு வாட்டரே போதும்.

புதிய ஓ-ரிங் போட்டபின் கையால் திருகுங்கள். தோள் போர்ட்டைத் தொடும் வரை வந்து, கை தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

காலரின் வாயில், ட்யூப் நுழையும் இடத்தில் ஈரம்

சாஃப்ட் ட்யூபுக்கான கம்ப்ரெஷன் ஃபிட்டிங் இரண்டு வேலை செய்கிறது. உள்ளே உள்ள நிப்பிள் ட்யூபின் உள்சுவரை விரிக்கிறது. வெளியே காலர் அந்தச் சுவரை நிப்பிளோடு சேர்த்து நசுக்குகிறது. எனவே உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் பொருந்த வேண்டும்.

வழக்கமான அளவுகள் 10/13, 10/16, 13/16, 13/19. முதல் எண் உள்விட்டம், இரண்டாவது வெளிவிட்டம், மி.மீட்டரில். உண்மையில் இவை அங்குல அளவுகளை முழு எண்ணாக்கியவை: 10 என்பது 9.5, 13 என்பது 12.7, 16 என்பது 15.9. அரை மி.மீ. வரையுள்ள வித்தியாசத்துக்குப் பயப்பட வேண்டாம், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நம்மைக் கவிழ்க்கும் ஜோடி 10/16-ம் 13/16-ம். வெளிவிட்டம் ஒன்றேதான், அதனால் காலர் அழகாக ஏறும், திருகினால் இறுகும், பார்க்கவும் குறை தெரியாது. ஆனால் 13/16 ட்யூபை 10/16 ஃபிட்டிங்கில் போட்டால் நிப்பிளைச் சுற்றி ட்யூப் தொளதொளவென்று இருக்கும். காலர் நசுக்கும்போது ட்யூப் மடிந்து ஒரு மெல்லிய கால்வாய் விடும். குளிர்ந்த நேரத்தில் ஒழுகாது; கணினி சூடேறி ட்யூப் இளகும்போது ஒழுகும். நிப்பிளில் ட்யூபை ஏற்றக் கொஞ்சமாவது சிரமப்பட வேண்டும். வழுக்கிக்கொண்டு ஏறினால் அது உங்கள் ஃபிட்டிங்குக்கான ட்யூப் அல்ல.

அளவு சரியாக இருந்தும் கசிந்தால், வெட்டு நேராக இருக்கிறதா பாருங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் ட்யூப் முதலில் நசுங்கி, கோணலாகத்தான் வெட்டுப்படும். ட்யூப் கட்டரோ புதிய பிளேடோ வேண்டும். நிப்பிளின் அடி வரை, தட்டும் வரை, ட்யூபைத் தள்ளுங்கள். விறைப்பாக இருந்தால் நுனியை மட்டும் வெந்நீரில் அரை நிமிடம் வைத்து ஏற்றுங்கள். எண்ணெய், சோப்பு எதுவும் தொடக்கூடாது. வழுக்கி ஏறுவது பின்னால் வழுக்கி இறங்கும். காலரை ட்யூபில் முன்பே கோத்துவிட்டுத்தான் நிப்பிளில் ஏற்ற வேண்டும். மறந்துபோய், கடைசியில் காலரை வலிந்து விரித்தோ ட்யூபைத் திருகியோ ஏற்றினால் மரை பிசகும்.

வெறும் நிப்பிளும் கிளிப்பும் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதும், நன்றாகவே தாங்கும். வரிவரியாக விளிம்பு வைத்த நல்ல பார்ப் நிப்பிளில் சரியான அளவு ட்யூபை ஏற்றினால் கிளிப் இல்லாமலேகூட இழுத்துக் கழற்றுவது கஷ்டம். ஆனால் வண்டிக்குப் போடும் திருகு கிளிப்பை மெல்லிய ட்யூபில் போடாதீர்கள். திருகு இருக்கும் பக்கத்தில் அழுத்தம் சமமாக விழாது, பட்டையின் ஓரம் ட்யூபை வெட்டும். அதே அளவுக்கென்று வரும் ஸ்பிரிங் கிளிப் நல்லது.

சொட்டு நீர்ப் பாசனக் கடையில் 16 மி.மீ. ஜாயினரைப் பார்த்துவிட்டு, இது ஆகுமா என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய. காரணம் புரிகிறது, தோட்டத்துக்குத் தோட்டம் சொட்டு நீர்க் குழாய் ஓடும் மாவட்டம் இது. ஆகாது. அந்த ஜாயினர் கெட்டியான பாலித்தீன் குழாய்க்காகச் செய்தது. அங்கே சந்தில் ஒரு சொட்டு விழுந்தால் மண் குடித்துக்கொள்ளும். இங்கே கீழே இருப்பது கிராஃபிக்ஸ் கார்டு.

ஹார்டு ட்யூப் இணைப்பில் ஈரம்

ஹார்டு ட்யூபில் வெளிவிட்டம் மட்டும்தான் கணக்கு: 12, 14, 16 மி.மீ. ஃபிட்டிங்கின் உள்ளே உள்ள ஓ-ரிங் ட்யூபின் வெளித்தோலைப் பிடித்து நிற்கிறது. ட்யூபின் முனையில் பிசிர் இருந்தால் உள்ளே தள்ளும்போது அந்த ஓ-ரிங்கை அது அறுத்துவிடும். வெட்டிய முனையை உள்ளேயும் வெளியேயும் சீவி மழமழப்பாக்கி, தண்ணீரில் நனைத்துத் தள்ளுங்கள். கசிவு வந்தால் ட்யூபை எடுத்து, அதன் மேல் நீளவாக்கில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் வழியாகத் தண்ணீர் ஓ-ரிங்கைத் தாண்டிவிடும். அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டும், தேய்த்துச் சரிசெய்ய முடியாது.

வளைத்த ட்யூப் துல்லியமாக இல்லாமல், இழுத்துப் பிடித்து ஃபிட்டிங்கில் நுழைத்திருந்தால் ஒரு பக்கம் மட்டும் ஓ-ரிங் நசுங்கும். ஃபிட்டிங்கை இறுக்கிப் பயனில்லை. ட்யூபைக் கையை விட்டாலும் அது ஃபிட்டிங்கின் நேரில் தானாக நிற்க வேண்டும். அப்படி நிற்காவிட்டால் மறுபடி வளைக்க வேண்டியதுதான்.

ஏசி மெக்கானிக்கிடம் மிச்சமான செப்புக் குழாயை வாங்கி லூப் போடுவது அழகான யோசனை. ஆனால் ஏசி செப்புக் குழாய் அங்குல அளவில் வருவது. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ.; 12 மி.மீ. ஃபிட்டிங்கில் நுழையாது. 5/8 அங்குலம் 15.88 மி.மீ.; 16 மி.மீ. ஃபிட்டிங்கில் நுழையும், அதுதான் ஆபத்து. சுருளாக வரும் அந்தக் குழாய் முழு வட்டமாகவும் இருப்பதில்லை. இந்த 0.1 மி.மீ. இடைவெளியும் கோணலும் சேர்ந்தால் ஓ-ரிங் எவ்வளவுதான் நிரப்பும்? செம்பு வேண்டுமென்றால் மி.மீ. அளவில் நேராக வரும் குழாயைத் தேடி வாங்குங்கள்.

எங்கள் வெயிலையும் சொல்ல வேண்டும். ஓசூர் உயரத்தில் இருப்பதால் தப்பிக்கிறது. தர்மபுரியில் சித்திரை வைகாசியில் ஏசி இல்லாத மாடி அறையில் கணினி ஓடினால் அறையே 36, 38 டிகிரி இருக்கும். கூலன்ட் அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக, 50 டிகிரியை ஒட்டி ஓடும். டி5 பம்ப்புக்கே கூலன்ட் 60 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் வரும் ஹார்டு ட்யூபும் அந்த வெப்பத்தை நெருங்கும்போது இளகத் தொடங்கும். ஓ-ரிங் பிடித்திருக்கும் இடத்தில் ட்யூப் மெல்ல உள்வாங்கினால், முதல் நாள் பிடித்த பிடி அப்புறம் இருக்காது. அக்ரிலிக் அதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். ஹார்டு ட்யூப்தான் வேண்டும் என்றால் இந்த ஊருக்கு அக்ரிலிக்கைத்தான் சொல்வேன், வெட்டும்போது உடையும் என்ற தொல்லை இருந்தாலும்.

திரும்பும் 90 டிகிரி ஃபிட்டிங்கின் கழுத்தில் ஈரம்

ரோட்டரி ஃபிட்டிங்கின் திரும்பும் கழுத்துக்குள்ளும் ஓ-ரிங்குகள் இருக்கின்றன. ட்யூபின் எடையோ விறைப்பான வளைவோ அதைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு பக்கம் திறக்கும். விரலால் ட்யூபை மெல்ல நகர்த்தும்போது ஈரம் கூடினால் இதுதான் காரணம். கழுத்தைப் பிரித்துச் சரிசெய்ய முயலாதீர்கள், மாற்றுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரோட்டரியை அடுக்குவதையும் தவிருங்கள். ட்யூபை இன்னும் கொஞ்சம் நீளமாக வெட்டி, பெரிய வளைவாக விட்டாலே பாதி ரோட்டரி தேவைப்படாது.

ஈரமே இல்லை, ஆனால் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருக்கிறது

இந்தக் கசிவுதான் நம் ஊரில் நெடுநாள் கண்ணில் படாமல் இருப்பது. கோடையில், சூடான ஃபிட்டிங்கில், மெல்லக் கசியும் தண்ணீர் சொட்டாகும் முன்பே காய்ந்துவிடும். டிஷ்யூ காய்ந்தே இருக்கும். மிஞ்சுவது உப்பு வளையம், அல்லது கூலன்ட்டின் சாயம். படிவு இருக்கும் ஃபிட்டிங்கைக் கசியும் ஃபிட்டிங்காகவே எண்ணிக் கழற்றுங்கள்.

வெள்ளை வளையம் என்றால் உள்ளே என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் புளோரைடும் எல்லாருக்கும் தெரிந்ததே. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க நல்லது. லூப்புக்கு அதுவும் ஆகாது, ஆர்ஓ கேன் தண்ணீரும் ஆகாது. இரண்டிலும் உப்பு மிச்சம் இருக்கிறது. உப்பு ஓ-ரிங்கின் ஓரத்தில் படிகமாகி, ரப்பருக்கும் உலோகத்துக்கும் நடுவே மணல் துகளாக நிற்கும். டிஸ்டில்டு வாட்டரும் பாசி தடுக்கும் மருந்தும், அல்லது தயாராகக் கிடைக்கும் கூலன்ட். பேட்டரிக் கடையில் வாங்கினால் சீல் உடையாத கேனாகப் பாருங்கள்.

பச்சை நிறமோ சாம்பல் நிறப் பொருக்கோ ஃபிட்டிங்கின் மேலேயே இருந்தால் உலோகத்தைச் சந்தேகியுங்கள். நல்ல ஃபிட்டிங் நிக்கல் முலாம் பூசிய பித்தளை. மலிவாக வருபவற்றில் அலுமினியமும் துத்தநாக வார்ப்பும் உண்டு. செம்பு ரேடியேட்டரும் செம்பு பிளாக்கும் உள்ள லூப்பில் அலுமினியம் சேர்ந்தால், தண்ணீர் வழியே அலுமினியம் அரிக்கப்படும், ஓ-ரிங் அமரும் முகம் குழிகுழியாகும். கையில் எடுத்தால் பித்தளை கனக்கும். சந்தேகம் தீராவிட்டால் மரையின் உள்விளிம்பில் ஊசியால் லேசாகக் கீறுங்கள்: மஞ்சள் தெரிந்தால் பித்தளை.

எங்கும் ஈரம் இல்லை, ரிசர்வாயரில் (லூப்பின் தண்ணீர்த் தொட்டியில்) மட்டம் குறைகிறது

புதிதாக நிரப்பிய லூப் என்றால் கவலை வேண்டாம். ரேடியேட்டரில் சிக்கிய காற்று சில நாட்களில் மெல்ல வெளியேறும், மட்டம் அந்த அளவுக்கு இறங்கும், நிற்கும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் ட்யூபின் சுவர் வழியாக ஆவி போகிறது. சிலிக்கான் ட்யூபில் இது அதிகம், ஈபிடிஎம் ரப்பரில் குறைவு.

மட்டம் குறைவதோடு புதுப்புதுக் குமிழிகளும் வந்துகொண்டே இருந்தால், ரிசர்வாயருக்கும் பம்ப்பின் வாய்க்கும் நடுவே உள்ள ஃபிட்டிங்கைப் பாருங்கள். அது உறிஞ்சும் பக்கம். அங்கே பொருத்தம் தளர்ந்தால் தண்ணீர் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். பம்ப்பை நிறுத்தியவுடன் அதே இடத்தில் ஈரம் தெரிந்தால் உறுதி.

லீக் டெஸ்டரின் முள் இறங்குகிறது

தண்ணீர் ஊற்றும் முன் காற்றை ஏற்றிச் சோதிப்பது மிக நல்ல பழக்கம். அழுத்தம் 0.5 பாருக்குள், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐக்குள் இருக்கட்டும். பிளாக்குக்கும் ரிசர்வாயருக்கும் தயாரிப்பாளர் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதுவே வரம்பு. பஞ்சர் கடைக் காற்றுக்குழாயை ஒருபோதும் மாட்டாதீர்கள். டயருக்கு ஏற்றும் 30 பிஎஸ்ஐ என்பது 2 பார். கண்ணாடி ரிசர்வாயர் தெறித்துவிடும்.

சாஃப்ட் ட்யூப் முதலில் கொஞ்சம் விரியும், அதனால் முள் சிறிது இறங்கி நிற்கும். மறுபடி ஏற்றி, அரை மணி நேரம் பாருங்கள். அந்த அரை மணியில் அசையக்கூடாது. இரவு முழுக்க விடுபவர்கள் வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாலையில் 36 டிகிரியில் 0.5 பார் ஏற்றி, விடியற்காலை அறை 26 டிகிரிக்கு இறங்கினால், கசிவே இல்லாமல் முள் 0.45-க்கு வரும். காற்று சுருங்கியதுதான் காரணம். அதைப் பார்த்துப் பதறி எல்லா ஃபிட்டிங்கையும் இறுக்குவதால்தான் பல அக்ரிலிக் பிளாக்குகள் விரிசல் விடுகின்றன.

உண்மையாகவே இறங்கினால் லூப்பைப் பாதியாகப் பிரித்து, இரண்டு முனையையும் ஸ்டாப் பிளக்கால் மூடி, ஒரு பாதியை மட்டும் சோதியுங்கள். பிடித்து நின்றால் குறை அடுத்த பாதியில். அதையும் பாதியாக்குங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்காகத் தடவிக்கொண்டிருப்பதைவிட இது வேகம்.

பெங்களூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ கொண்டுவந்த பிறகு ஒழுகுகிறது

தொப்பூர் கணவாய் ஏற்றத்திலும் வேகத்தடைகளிலும் குலுங்கி வந்த கணினியில் முதலில் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டின் இரு ஃபிட்டிங்குகளை. கார்டு கனமானது. அது ஆடும்போது அதில் மாட்டிய ட்யூபும் ஆடும், ஹார்டு ட்யூப் ஓ-ரிங்கிலிருந்து ஓரிரு மி.மீ. வெளியே வந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ட்யூபை லேசாக உள்ளே அழுத்தினால் நகர்வது தெரியும். மின்சாரம் கொடுக்கும் முன் எல்லா இடத்தையும் இப்படிக் கையால் பாருங்கள். அடுத்த முறை கொண்டுபோகும்போது தண்ணீரை வடித்துவிட்டு, பெட்டியைப் படுக்கவைத்து, கார்டு மேல்நோக்கி நிற்கும்படி எடுத்துச் செல்லுங்கள். அடிக்கடி எடுத்துச் செல்பவர் ஹார்டு ட்யூபை விட்டுவிட்டு ரப்பர் ட்யூபுக்கு மாறுவது நல்லது.

குயிக் டிஸ்கனெக்டைக் கழற்றும்போது சொட்டுகிறது

லூப்பின் தண்ணீரை வடிக்காமலே பிரிக்க உதவும் இந்த இணைப்பில் ஓரிரு துளி சகஜம். முகம் தட்டையான வகையில் துளி குறைவு, குழிவான வகையில் அதிகம். மாட்டியிருக்கும்போதே ஈரம் இருந்தால் உள்ளே உள்ள சீலில் தூசி. டிஸ்டில்டு வாட்டரில் கழுவி மாட்டியும் நிற்காவிட்டால் ஜோடியாகவே மாற்றுங்கள்.

மாற்றி வாங்கும்போது

இந்த வெயிலுக்கும் இந்தச் சாலைகளுக்கும் என் தேர்வு 10/16 ஈபிடிஎம் ரப்பர் ட்யூபும், அதே அளவு பித்தளை கம்ப்ரெஷன் ஃபிட்டிங்கும். உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியாது, வண்ணம் இல்லை. ஆனால் ரப்பர் நிப்பிளைக் கவ்விப் பிடிக்கும், சூட்டில் மலிவான பிவிசி அளவுக்கு இளகாது, தெளிந்த பிவிசியைப் போல நாளடைவில் பிளாஸ்டிசைசர் கசிந்து பிளாக்கில் படியாது. எடிட்டிங் அறையில் சீசன் முழுக்க ஓட வேண்டிய கணினிக்கு இதைவிட நிம்மதியானது எனக்குத் தெரியவில்லை.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கோ சென்னை ரிட்சி தெருவுக்கோ போகும்போது காலிப்பரையும் வீட்டில் உள்ள ட்யூபில் ஒரு விரல் நீளத் துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். "வாட்டர் கூலிங் ஃபிட்டிங்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஜி 1/4, நேர் மரை, பித்தளை, 10/16 கம்ப்ரெஷன் என்று நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். கவுன்டரிலேயே ஒன்றைப் பிரித்து, துண்டு ட்யூபை ஏற்றி, காலரைத் திருகி, பலமாக இழுத்துப் பாருங்கள். எல்லா ஃபிட்டிங்கும் ஒரே தயாரிப்பில் இருக்கட்டும். ஒருவர் காலரின் மரை இன்னொருவர் நிப்பிளில் சரியாக உட்காராது. பழையவற்றில் நன்றாக இருப்பதை மிச்சம் பிடிக்க நினைத்தால் ஸ்டாப் பிளக்குகளை வைத்துக்கொள்ளலாம், ஓ-ரிங் மட்டும் புதிதாகப் போட்டு.